வீட்டிலிருந்தே கூட்டத்துக்குப் போவது: காணொளிக் கூட்டங்கள் பற்றி மூத்தோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2020 மார்ச் 20 மாலை தொடங்கிய ஊரடங்கு கொழும்பில் மே 26 வரை நீடித்தது. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் அடைபட்டுக் கிடந்த அயலவர்கள் ஏழு பேர் அந்த நாட்களில் சனிக்கிழமை மாலைகளில் காணொளி வழியாகக் கூடத் தொடங்கினோம். ஊரடங்கு முடிந்தும் கூட்டம் முடியவில்லை. இன்று ரொறன்ரோ, லண்டன், சிட்னி ஆகிய நகரங்களிலிருந்து வருபவர்களையும் சேர்த்து இருபத்தெட்டுப் பேர் இருக்கிறோம். இளையவருக்கு வயது 63, மூத்தவருக்கு 91. இணைப்பை அனுப்புவதும், வருகிறவர்களை உள்ளே விடுவதும், "மைக்கைத் திறவுங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருப்பதும் என் பொறுப்பாகிவிட்டதால், ஒரே சந்தேகத்தைப் பலர் வாயிலாகப் பலமுறை கேட்டிருக்கிறேன். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"மகளோடு வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைக்கிறேனே. சூம் என்று வேறொன்று எதற்கு?"

மகளோடு மட்டும் கதைப்பதற்கு வேறொன்றும் தேவையில்லை. வட்ஸ்அப் அழைப்பு உங்களைத் தேடி வருகிறது. மணி அடிக்கும், எடுப்பீர்கள். சூம் கூட்டத்துக்கோ நீங்கள்தான் தேடிப் போக வேண்டும்: குறித்த நேரத்தில், உங்களுக்கு அனுப்பப்பட்ட இணைப்பைத் தொட்டு உள்ளே நுழைகிறீர்கள். ஒருவர் பிந்தி வந்தாலும் முந்திப் போனாலும் கூட்டம் நடந்துகொண்டே இருக்கும்.

வட்ஸ்அப்பில் 32 பேர் வரை ஒன்றாகக் கதைக்கலாம். சூமின் இலவசச் சேவையில் 100 பேர் சேரலாம், ஆனால் 40 நிமிடங்கள்தான். கூகுள் மீட்டில் மூன்று பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடினால் இலவச நேரம் 60 நிமிடங்கள். பலருக்கும் முதன்முதலில் பழக்கமான ஸ்கைப் 2025 மே மாதத்தில் மூடப்பட்டுவிட்டது. அந்தச் செயலியை இன்னும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, போன் பழுதாகிவிட்டது என்று கவலைப்படுபவர்களை இப்போதும் சந்திக்கிறேன்.

"எனக்கு 78 வயது, கையும் கொஞ்சம் நடுங்குகிறது. இனிமேல் இதைப் பழகலாமா?"

பழகலாம். பழக வேண்டியவை நான்கே: இணைப்பைத் தொட்டு உள்ளே வருதல், மைக்கைத் திறந்து மூடுதல், கமராவைத் திறந்து மூடுதல், வெளியேறுதல். இவற்றை ஒரு கடதாசியில் பெரிய எழுத்தில், பொத்தானின் படத்தையும் வரைந்து, போனுக்கு அருகில் ஒட்டி வைத்தால் போதும். கை நடுங்குபவர்கள் போனைக் கையில் பிடிக்காமல் எதிலாவது சாய்த்து வைப்பது நல்லது; பொத்தான்கள் பெரிதாகத் தெரியும் டேப்லெட் அதைவிட நல்லது. தொட்டும் திரை அசையவில்லையென்றால் நீங்கள் பிழை செய்ததாகப் பொருளல்ல. இந்தத் திரைகள் தோலின் மின்கடத்தும் தன்மையைக் கொண்டே தொடுகையை அறிகின்றன. வயது ஏறும்போது விரல் நுனி வறண்டுவிடுவதால் அறியத் தவறுகின்றன. விரலைச் சற்று ஈரத் துணியில் ஒற்றிவிட்டுத் தொட்டுப் பாருங்கள். "இந்தப் போனுக்கு என்னைக் கண்டால் பிடிக்காது" என்று சொல்லிக்கொண்டிருந்த ஓர் ஆசிரியை இப்படித்தான் அதனோடு சமாதானமானார்.

நான் கண்ட அளவில், பழகுவதற்குப் பெரிய தடை வயதல்ல, உதவிக்கு வரும் பிள்ளைகள்தான். "கொண்டாங்கோ அம்மா" என்று போனை வாங்கி, நான்கு தட்டுத் தட்டி, வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அம்மாவுக்கு வேலை முடிந்ததே தவிர, ஒன்றும் தெரிய வரவில்லை. உதவுபவர்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொல்லட்டும். முதல் நாள் இருபது நிமிடங்கள் பிடிக்கும், மூன்றாம் நாள் இரண்டு நிமிடங்கள் பிடிக்கும்.

"மற்றவர்களுக்கு என் நெற்றியும் மின்விசிறியும்தான் தெரிகிறதாம். ஏன்?"

போன் மேசையில் படுத்துக் கிடக்கிறது, அல்லது உங்கள் மடியில் இருக்கிறது. கமரா கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். அதற்கு ஒரு பிஸ்கட் பேணியும் அதன் மேல் இரண்டு தடித்த புத்தகங்களும் போதும். எங்கள் கூட்டத்தில் ஒருவரை முதல் ஒன்றரை மாதம் அவருடைய மின்விசிறியைக் கொண்டே அடையாளம் கண்டுவந்தோம். நேரில் கண்டபோதுதான் அவருக்கு மீசை இருப்பதே தெரிந்தது.

வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகில் அல்ல. காலி வீதிக்குக் கடற்பக்கமாக இருக்கும் வீடுகளில் மாலை நாலரை மணிக்கு மேற்கு யன்னலுக்கு முதுகைக் காட்டி அமர்ந்தால், கமரா அந்த வெயிலுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். உங்கள் முகம் கரிய நிழலாகிவிடும். கதிரையைத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும்.

"கதைத்துக்கொண்டிருக்கும்போதே எல்லோரும் மறைந்துவிட்டார்கள். யாருக்கும் என்மேல் கோபமா?"

இல்லை. முதற்கேள்விக்கான பதிலில் சொன்ன 40 நிமிடங்கள் முடிந்துவிட்டன. அதே இணைப்பை மறுபடியும் தொட்டால் பெரும்பாலும் அதே கூட்டத்துக்குத் திரும்பிவிடலாம். எங்கள் கூட்டத்தில் இந்த இடைவெளி தேநீருக்கானது. நீண்ட கதை சொல்பவர்களை முப்பத்தைந்தாவது நிமிடத்தில் பேச அழைப்பது அடியேனின் தந்திரம். இதுவரை எவரும் கண்டுபிடிக்கவில்லை.

"டேட்டா எவ்வளவு போகும்? கரண்ட் போனால் என்ன செய்வது?"

பலர் கூடும் காணொளிக் கூட்டத்துக்கு மணிக்கு ஒரு கிகாபைற் அளவில் போகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் தெளிவைப் பொறுத்து இது கூடும் குறையும். உங்கள் கமராவை மூடினால் நீங்கள் அனுப்பும் படம்தான் நிற்கும், மற்றவர்களின் படங்கள் வந்துகொண்டுதான் இருக்கும் என்பதைப் பலர் அறிவதில்லை. ஆகவே முகத்தை மறைத்துக்கொண்டால் டேட்டா மிஞ்சும் என்று நம்பி ரீலோட் செய்யாமல் இருந்துவிடாதீர்கள்.

மின்வெட்டு வந்தால் போன் அணையாது, ஆனால் வீட்டு ரவுட்டர் அணைந்துவிடும். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்திலிருந்து, ரவுட்டருக்கென்றே, மின்சாரம் நின்றாலும் அதைச் சிறிது நேரம் ஓடவைக்கும் சிறிய யூபிஎஸ் ஒன்றை எங்களில் பலர் வாங்கி வைத்திருக்கிறோம். அது இல்லாதவர்கள் போனின் சொந்த டேட்டாவுக்கு மாறிக்கொள்ளலாம். 2025 பெப்ரவரி 9 ஞாயிறன்று நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோது, பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததே காரணம் என்று அமைச்சர் சொன்னார். முந்தின நாள் சனிக்கிழமையாதலால் எங்கள் கூட்டம் தப்பியது. அடுத்த சனிக்கிழமை முழுவதும் அந்தக் குரங்கைப் பற்றியே பேசினோம்.

"கனடாவில் இருக்கும் தம்பி, நேரம் மாறிவிட்டது என்கிறான். என் மணிக்கூடு மாறவில்லையே?"

இருவரும் சொல்வது சரி. இலங்கை நேரம் ஆண்டு முழுவதும் ஒன்றுதான். அவர்களுடைய மணிக்கூடுகள் ஆண்டுக்கு இருமுறை நகர்த்தப்படுகின்றன. எங்கள் 4.30 மணிக் கூட்டம் குளிர்காலத்தில் ரொறன்ரோவில் காலை 6 மணி, கோடையில் 7 மணி. லண்டனில் குளிர்காலத்தில் முற்பகல் 11 மணி, கோடையில் நண்பகல் 12 மணி. சிட்னியில் எல்லாம் தலைகீழ்: அங்கு டிசெம்பர்தான் கோடை, அப்போது இரவு 10 மணி, ஜூலையில் இரவு 9 மணி. போதாக்குறைக்கு, கனடாவில் மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாற்றம் வருகிறது, இங்கிலாந்தில் அம்மாதத்தின் கடைசி ஞாயிறுதான் வருகிறது. இடைப்பட்ட நாட்களில் பாதிப்பேர் ஒரு மணி நேரம் தப்பி வருவார்கள் என்று நான் இப்போது எதிர்பார்த்தே இருப்பேன்.

இதற்காக எவரையும் மறதிக்காரர் என்று சொல்லிவிட வேண்டாம். நாமும் இதில் அடிபட்டவர்கள்தான். 1996 மே மாதத்தில் மின்சாரத்தை மிச்சம்பிடிப்பதற்காக இங்கே மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள்; அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி நேரம் பின்னே இழுத்தார்கள்; எஞ்சிய அரை மணி நேரம் 2006 ஏப்ரலில்தான் திரும்பி வந்தது. பத்து வருடங்கள் "புது நேரமா, பழைய நேரமா" என்று கேட்டுக்கொண்டு சாதகக் குறிப்பிலிருந்து பஸ் வரை எல்லாவற்றையும் கணக்குப் பார்த்த தலைமுறைக்கு ரொறன்ரோ நேரம் பெரிய வித்தை அல்ல. அழைப்பில் கொழும்பு நேரத்தை மட்டும் எழுதாமல் ஒவ்வொரு நகரத்தின் நேரத்தையும் தனித்தனியாக எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

"என் வீட்டுச் சத்தமெல்லாம் எல்லோருக்கும் கேட்கிறதாம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே?"

உங்கள் மைக் திறந்திருக்கிறது. பழகிய சத்தம் நம் காதுக்குப் பிடிபடுவதில்லை. மைக்குக்கு அப்படிப்பட்ட பழக்கம் இல்லை. கடலோர ரயில், காகங்கள், பீத்தோவனின் மெட்டை ஒலித்துக்கொண்டு வீதி வீதியாகப் பாண் விற்க வரும் ‘சூன் பாண்’ முச்சக்கரவண்டி, குக்கர் விசில் எல்லாம் ரொறன்ரோவுக்குப் போய்ச் சேருகின்றன. ஒருமுறை சூன் பாண் வண்டியின் இசை கேட்டவுடன் லண்டனிலிருந்த ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டு, "யாராவது எனக்கும் இரண்டு மாலு பாண் வாங்குங்கள்" என்றார். இப்படிப்பட்ட சத்தங்களை நான் அவசரப்பட்டு அடைப்பதில்லை. புலம்பெயர்ந்தவர்களுக்கு அவையும் ஊர்தான்.

அடைக்க வேண்டியது வேறு. கூட்டத்திலிருந்து எழுந்து சமையலறைக்குப் போய் மருமகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தவர்கள் இருவர்; அந்த வார்த்தை முழுவதையும் அனைவரும் கேட்டோம், ஒருமுறை மருமகளின் அக்காவும் கேட்டார். மைக் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு இருந்தால்தான் நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்.

"நானும் இவரும் ஆளுக்கொரு போனில் சேர்ந்தால் பயங்கரமாகக் கீச்சிடுகிறதே?"

ஒரே அறையில் இரண்டு போன்கள் இருந்தால், ஒன்றின் ஒலிபெருக்கியிலிருந்து வருவதை மற்றதன் மைக் கேட்டுத் திரும்ப அனுப்புகிறது. அது சுற்றிச் சுற்றி வளர்ந்து கீச்சொலியாகிறது. ஒருவர் அடுத்த அறைக்குப் போகலாம், அல்லது இருவரும் ஒரே போனின் முன் அமரலாம். ஐம்பது வருடம் ஒரே கட்டிலைப் பகிர்ந்தவர்கள் ஒரு போனைப் பகிர மறுப்பதன் காரணம் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

"திரையில் என் சேலைத் தலைப்பு மறுபக்கம் தெரிகிறது. மற்றவர்களுக்கும் அப்படியா?"

இல்லை. உங்களுக்கு மட்டும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாற்றிக் காட்டப்படுகிறது. மற்றவர்களுக்குச் சரியாகவே தெரிகிறது. புத்தகத்தைக் காட்டினால் எழுத்தும் நேராகவே தெரியும். பேரப்பிள்ளைகள் விளையாடிவிட்டுப் போன கருவியானால் மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 2021 பெப்ரவரியில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஒரு சட்டத்தரணி, நீதிபதியின் முன் பூனைக்குட்டி முகத்துடன் தோன்றி, "நான் பூனை அல்ல" என்று சொல்ல நேர்ந்தது உலகறிந்த சம்பவம்.

"எல்லோரும் சேர்ந்து தேவாரம் பாடினால் ஏன் சந்தைக் கூச்சலாகிறது?"

இது எங்களை அதிகம் வருத்திய கேள்வி. பாடியவர்களில் பிழையில்லை, தூரத்தில்தான் இருக்கிறது. கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் இடையே ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். ஒளியிழையில் நேர்கோட்டில் ஓடினாலும் குரல் போய்ச் சேர ஒரு செக்கனில் நூறில் ஏழு பங்கு பிடிக்கும். உண்மையில் பாதை வளைந்தது, இடையிடையே கணினிகள் குரலைப் பொதி செய்து அவிழ்க்கின்றன, ஆகவே தாமதம் அதைவிடப் பல மடங்கு. பேச்சில் இது உறைப்பதில்லை. பாட்டிலோ நீங்கள் அவருடைய குரலுக்குக் காத்திருக்கிறீர்கள், அவர் உங்களுடைய குரலுக்குக் காத்திருக்கிறார். இரண்டு வரிக்குள் காலம் தளர்ந்து பாட்டு நின்றுவிடும். அத்துடன், ஒரே நேரத்தில் பலர் ஒலித்தால் மென்பொருள் ஒரு குரலை முன்னே கொண்டுவந்து மற்றவற்றை அமுக்குகிறது. சுருதிப்பெட்டியின் இடைவிடாத ஒலியை இரைச்சல் என்று எண்ணி அழித்தும் விடுகிறது.

நாங்கள் கண்ட வழி இது. பஞ்சபுராணம் ஓதும்போது தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, திருப்புராணம் ஆகிய ஐந்தையும் ஐந்து பேருக்குப் பங்கிட்டுவிடுகிறோம். ஒருவர் ஓதும்போது மற்றவர்கள் மைக்கை மூடிவிட்டுத் தம் வீட்டில் கூடவே பாடலாம். அவரவருக்குத் தாம் அவரோடு சேர்ந்து பாடுவதாகவே கேட்கும். ஓதுபவர் தம் சூம் செயலியில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற தெரிவை இயக்கினால் சுருதியும் தப்பிப் பிழைக்கும். தம் முறை வந்தும் மைக்கைத் திறக்க மறந்து, கண்களை மூடி, திருவிசைப்பாவை உருகி உருகி முடித்த ஒருவரை நிறுத்த எங்களில் எவருக்கும் மனம் வரவில்லை. அவர் கண் திறந்தபோது எல்லோரும் கைகூப்பினோம்.

"எனக்குக் காது மந்தம். காணொளியில் இன்னும் கஷ்டமாக இருக்காதா?"

பெரும்பாலும் சாதாரண அழைப்பைவிட எளிதாகவே இருக்கும். வயதில் முதலில் குறைவது உயர்ந்த அதிர்வுள்ள ஒலிகளைக் கேட்கும் திறன். குரல் கேட்கும், சொல் பிடிபடாது. பழைய தொலைபேசி வலையமைப்பு 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான ஒலிகளையே கடத்துவதற்கு வகுக்கப்பட்டது. காணொளிச் சேவைகள் அதைவிட விரிந்த எல்லையைக் கடத்துகின்றன. அதோடு உதட்டசைவும் தெரிகிறது. இதனால்தான் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும் என்று முன்பு வற்புறுத்தினேன்: அது அழகுக்காக அல்ல, எதிரே காது மந்தமான ஒருவர் உங்கள் உதட்டைப் படித்துக்கொண்டிருக்கக்கூடும். இரு காதையும் மூடும் ஹெட்போன் உதவும். செவிப்புலன் கருவி அணிபவர்கள், அது புளூடூத் வழியாகப் போனோடு இணையுமா என்று கருவியைத் தந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"இதனால் உண்மையில் நன்மை உண்டா, பொழுதுபோக்குத்தானா?"

நன்மை உண்டு என்று நம்புகிறேன். ஆனால் சான்றுகள் ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்காவில் 60 வயதைத் தாண்டிய 1,424 பேரை ஆராய்ந்தபோது, காணொளியில் உரையாடுபவர்களிடம் இரண்டு வருடங்களின் பின் மனச்சோர்வு அறிகுறிகள் தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாக இருந்தது. மின்னஞ்சல், சமூக ஊடகம் ஆகியவற்றைப் பயன்படுத்தியவர்களிடம் அந்த வித்தியாசம் காணப்படவில்லை. மறுபுறம், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2020 மே மாதத்தில் வெளியிட்ட மீளாய்வு, தனிமையைக் காணொளி அழைப்புகள் குறைக்கின்றன என்பதற்கான ஆதாரம் மிகவும் உறுதியற்றது என்றது; அதற்குக் கிடைத்தவை தைவான் பராமரிப்பு இல்லங்களில் நடந்த மூன்று சிறிய ஆய்வுகள் மட்டுமே.

எனக்கு நம்பிக்கை தந்தது ஐ-கொனெக்ட் என்னும் அமெரிக்க ஆய்வு. தனிமைப்பட்ட, 75 வயதைத் தாண்டியவர்களோடு கிழமைக்கு நான்கு தடவை அரை மணி நேரம் காணொளியில் உரையாடினார்கள். ஆறு மாதங்களின் பின் அவர்களுடைய நினைவாற்றல், சிந்தனை தொடர்பான சோதனைப் புள்ளிகளில் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. குறித்த நாள், குறித்த நேரம், எதிரே காத்திருக்கும் ஓர் ஆள்: பயன் இந்த மூன்றிலும்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. சனிக்கிழமை மூன்று மணிக்கே முகம் கழுவி, திருநீறு பூசி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு அமர்ந்துவிடும் எங்கள் அங்கத்தவர் ஒருவருக்கு, அந்த ஒன்றரை மணி நேரக் காத்திருப்பும் கூட்டத்தின் பகுதிதான். ஒருவர் இரண்டு கிழமை வராவிட்டால் யாராவது வீடு தேடிப் போவார்கள். அப்படிப் போனதால் ஒருமுறை குளியலறையில் விழுந்து கிடந்தவரை நேரத்துக்கு வைத்தியசாலையில் சேர்க்க முடிந்தது.

"கூட்டம் முடிய ஏன் இவ்வளவு களைப்பு? சும்மா இருந்துதானே கதைத்தேன்?"

சும்மா இருந்ததும் ஒரு காரணம். ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லென்சன் 2021-இல் நான்கு காரணங்களைச் சொன்னார்: பல முகங்கள் மிக நெருக்கத்தில் நம்மையே பார்ப்பது, நம் முகத்தை நாமே ஓயாமல் பார்ப்பது, அசையாமல் இருப்பது, சைகைகளைப் புரிந்துகொள்ளவும் புரியவைக்கவும் மூளை கூடுதலாக உழைப்பது. உங்கள் முகத்தை உங்களிடமிருந்து மட்டும் மறைக்கும் தெரிவு சூமில் இருக்கிறது; அதைச் செய்தவர்கள் நிம்மதியடைகிறார்கள். இடையில் எழுந்து நடக்கலாம், கூட்டம் ஓடிவிடாது.

"செத்த வீட்டை நேரலையில் பார்க்கும்போது எப்படி நடந்துகொள்வது?"

பிள்ளைகள் நாலு நாட்டில் இருக்கும்போது, பொரளையில், உடலைப் பார்வைக்கு வைக்கும் மலர்ச்சாலையிலிருந்தே நேரலை அனுப்புவது வழக்கமாகிவிட்டது. முதல் விதி, உள்ளே நுழையுமுன் மைக்கை மூடுவது. வாய்க்கரிசி போடும் வேளையில், "இது யார், கொழுத்துப் போனானே" என்று ஒரு குரல் அறை முழுவதும் ஒலித்ததை நேரில் இருந்து கேட்டிருக்கிறேன். அதன்பின் அங்கே எழுந்த சிரிப்பை அடக்க நெருங்கிய உறவினர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது.

அனுப்புபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இறுதிக் கட்டத்தில் கமராவை முகத்துக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். தூரத்தில் தனியாக அமர்ந்து பார்க்கும் ஓர் அக்காவுக்குப் பக்கத்தில் தோளைத் தொட ஆளில்லை. அவரோடு ஒருவரை இருத்திவிட்டு இணைப்பை அனுப்புங்கள். சடங்கு முடிந்ததும் அவரை மட்டும் தனியே அழைத்துக் கதையுங்கள்.

"கூட்டத்தில் சேர ஆறு இலக்க எண்ணைச் சொல்லும்படி ஒருவர் கேட்டார். சொல்லலாமா?"

சொல்லக்கூடாது, கேட்டவர் உங்கள் சொந்தத் தம்பியின் பெயரில் வந்திருந்தாலும் சொல்லக்கூடாது. எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்க எண் பெரும்பாலும் உங்கள் வட்ஸ்அப் கணக்கின் திறப்பு. பக்திச் சொற்பொழிவு, இலவச வகுப்பு என்று சூம் கூட்டத்துக்கு அழைப்பதுபோல் பேசி அதை வாங்கிக்கொள்பவர்கள், உங்கள் பெயரிலேயே உங்கள் உறவினர்களிடம் பணம் கேட்பார்கள். கூட்டத்தில் நுழைய இணைப்பும், சில வேளை கூட்டத்துக்கான கடவுச்சொல்லும் போதும்; அவை உங்களுக்கு அழைப்போடு வருபவை, உங்களிடம் எவரும் கேட்பவை அல்ல. திரையைப் பகிரும்படி கேட்டு வங்கிச் செயலியைத் திறக்கச் சொல்பவரும் இதே இனம்தான்.

ஏற்கெனவே சொல்லிவிட்டீர்களானால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே சாதாரண அழைப்பில் உறவினர்களுக்குச் சொல்லுங்கள், வட்ஸ்அப்பில் உங்கள் எண்ணை மறுபடி பதிவு செய்யுங்கள், பணம் போயிருந்தால் வங்கிக்கும் பொலிஸுக்கும் அறிவியுங்கள்.

"அம்மாவுக்கு மறதி நோய். அவரையும் கூட்டத்தில் சேர்க்கலாமா?"

இருபத்தெட்டு முகங்கள் உள்ள கூட்டத்தில் வேண்டாம். முன்பு சொன்ன களைப்பு அவருக்குப் பன்மடங்கு. ஒருவர் அல்லது இருவரோடு பத்து நிமிடங்கள் நன்றாக இருக்கும். "என்னைத் தெரிகிறதா?" என்று சோதிக்காமல், "அம்மா, நான் உங்கள் மூத்த மகள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அறையில் ஒருவர் கூட இருக்கட்டும். எங்கள் அங்கத்தவர் ஒருவரின் தாயார், திரையில் இருப்பவர்கள் வாசலில் நிற்பதாகவே நினைக்கிறார். "உள்ளுக்கு வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்பார். எவரும் அவரைத் திருத்துவதில்லை, "வருகிறோம்" என்கிறோம்.

நேரம் முக்கியம். மறதி நோய் உள்ளவர்களில் பலருக்குப் பொழுது சாயும் வேளையில் குழப்பமும் பதற்றமும் கூடும். ஆகவே அந்த அம்மாவைச் சனிக்கிழமை மாலைக்குக் கூப்பிடுவதில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு நானும் இன்னொருவரும் மட்டும் அவரோடு கதைக்கிறோம்.